டிராயிங் பீரியட் எங்கே போச்சு?

குட்டீஸ், உங்கள் பையில் இருக்கும் டைம் டேபிளைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் வரிசையாக இருக்கிறதா? அவற்றுக்கு நடுவே ஏதாவது ஒரு கட்டத்தில் 'ஓவியம்' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் 'பி.டி.' இருக்கும். சில பள்ளிகளில் 'பாட்டு', 'நூலகம்' என்றுகூட இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. போன மாதம் அந்தக் கட்டங்களில் எழுதியிருந்தது எத்தனை தடவை உண்மையிலேயே நடந்தது?

இந்தக் காட்சி உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். மதியம் கடைசிக்கு முந்தைய பீரியட். எல்லோரும் கலர் பென்சில் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாயிற்று. வாசலில் கணக்கு டீச்சர் வந்து நிற்கிறார்.

"டிராயிங் நோட்டை உள்ளே வைங்க. பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கணக்கு நோட்டை எடுங்க!"

அவ்வளவுதான். டப்பாக்கள் மூடுகிற 'டப், டப்' சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும்.

இதைக் 'கடன் வாங்கின பீரியட்' என்று பிள்ளைகள் சொல்வது உண்டு. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அப்படி வாங்கிய டிராயிங் பீரியட் என்றைக்காவது திரும்பி வந்திருக்கிறதா?

இது ஏதோ ஒரு பள்ளியின் கதை அல்ல. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் இல்லாமல் நடப்பதுதான். ஏன் இப்படி நடக்கிறது? இதனால் யாருக்கு நஷ்டம்? வாருங்கள், பார்க்கலாம்.

கணக்கு நோட்டிலேயே ஒரு கணக்கு

கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சரி, அதிலேயே ஒரு கணக்குப் போடுவோம்.

வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட் பறிபோகிறது என்று வையுங்கள். ஒரு பீரியட் 45 நிமிடம். தொடக்கப் பள்ளிகள் ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். வாரத்துக்கு 5 நாள் என்றால் 40 வாரம். அப்படியானால் 40 பீரியட். மொத்தம் 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம்.

ஒன்றாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை இப்படியே போனால் 150 மணி நேரம். தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்குக் குறைந்தது 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 200 நாளுக்கு 800 மணி என்றால் ஒரு நாளைக்கு 4 மணி. 150ஐ 4ஆல் வகுத்தால்? முப்பத்தேழரை நாள்!

ஒரு மாதத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால் ஊரே பேசாதா? ஆனால் இந்த முப்பத்தேழரை நாள் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

ஒரே வகுப்பு, இரண்டு பிள்ளைகள்

சென்னையின் மேற்கே, போரூரைத் தாண்டிப் பூந்தமல்லிக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது ஐயப்பன்தாங்கல். அந்தப் பக்கம் வசிப்பவர்களுக்கு மாநகரப் பஸ் டிப்போவும், சாலைக்கு மேலே எழும்பி நிற்கும் மெட்ரோ ரயில் பாலமும் உடனே கண்ணுக்குத் தெரியும். 'தாங்கல்' என்றால் மழைநீரைத் தேக்கி வைக்கும் சின்ன ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். தண்ணீரின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில் இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஓடி விளையாட வெட்ட வெளி கிடைப்பது கஷ்டம்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

முதல் பிள்ளைக்குப் பள்ளியில் பாட்டு கிளாஸ் போய்விட்டது. பரவாயில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்குப் பக்கத்து பிளாக்கில் கீபோர்டு கிளாஸ் இருக்கிறது. சனிக்கிழமை டிராயிங் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட்டிங். மாதாமாதம் ஃபீஸ் கட்ட வீட்டில் முடியும்.

இரண்டாவது பிள்ளையின் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மா நாலு வீடுகளில் வேலை செய்கிறவர். வீடு ஒரே அறை. தெருவில் இறங்கி ஆடலாம் என்றால் தண்ணீர் லாரி வருகிறது. இந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் நடக்கும் டிராயிங் பீரியட்தான் டிராயிங் கிளாஸ். பி.டி. பீரியட்தான் விளையாட்டு மைதானம். நூலக பீரியட்தான் கதைப் புத்தகம்.

பள்ளியில் போனது ஒரே பீரியட்தான். ஆனால் நஷ்டம் ஒரே அளவா? முதல் பிள்ளைக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். இரண்டாவது பிள்ளைக்கோ மொத்தமும் போய்விட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது? பணம் இருந்தால்தான் கிடைக்கும் என்பதை மாற்றத்தானே!

சட்டம் சொல்வதும், சொல்ல மறந்ததும்

2009ஆம் ஆண்டு நம் நாட்டில் 'குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்' வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் இது. உங்களில் பெரும்பாலோருக்கான சட்டம்!

அது என்ன சொல்கிறது? பாடத்தை மட்டும் அல்ல, குழந்தையின் முழு வளர்ச்சியையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும். அதில் செய்தித்தாள், பத்திரிகை, கதைப் புத்தகங்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? அடுத்து வருவதைக் கேளுங்கள்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால், கலைக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதி நேர ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை? அப்படி ஒரு வரி இல்லை! மைதானம் உண்டு, புத்தகம் உண்டு, பந்து உண்டு. சொல்லித்தரத் தனி ஆசிரியர் மட்டும் கிடையாது. அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டுச் சமைக்க ஆளை மறந்துவிட்ட மாதிரி!

ஓடி ஆடுவதும், கிறுக்கிப் பார்ப்பதும், கதை கேட்பதும் அதிகம் தேவைப்படுவது எந்த வயதில்? ஆறு வயதிலா, பதிமூன்று வயதிலா? உங்கள் தம்பியைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

டீச்சர் மேல் கோபப்படலாமா?

வேண்டாம். அவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும்.

அதே சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டும். தமிழும் அவர்தான், கணக்கும் அவர்தான். ரிஜிஸ்டர் எழுதுவதும் அவர்தான். அவரே பாட்டும் சொல்லித்தந்து, கோ-கோவுக்கு விசிலும் ஊத வேண்டும் என்றால் எப்படி?

தனியார் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர், டிராயிங் மாஸ்டர் இருக்கலாம். அங்கே வேறு தொல்லை. மார்க் குறைந்தால் பெற்றோர் வந்து முதலில் கேட்பது கணக்கு டீச்சரைத்தான். "என் பிள்ளைக்கு ஏன் படம் வரைய வரவில்லை?" என்று யாராவது கேட்கிறார்களா? கேள்வி எங்கிருந்து வருகிறதோ, பீரியடும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

பெரிய வகுப்புகளில் மட்டும் நிலைமை பரவாயில்லையா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 2012ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி என்று பல பாடங்களுக்கு வந்தவர்கள் இவர்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். 'டிராயிங் மாஸ்டர் ஏன் தினமும் வருவதில்லை?' என்று நீங்கள் யோசித்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

நல்லதும் நடக்கிறது

குறை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-23 கல்வி ஆண்டில் 'கலைத் திருவிழா' தொடங்கியது. பாட்டு, நடனம், ஓவியம், நாடகம், கைவினை என்று ஏகப்பட்ட போட்டிகள். முதலில் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் நடந்தது. 2024-25ல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை சேர்த்துக் கொண்டார்கள்.

2023ல் 'வாசிப்பு இயக்கம்' வந்தது. குட்டிக் குட்டிப் புத்தகங்கள். வாசிக்கும் திறமைக்கு ஏற்ப நாலு வகை. அவற்றின் பெயர்கள் என்ன தெரியுமா? நுழை, நட, ஓடு, பற! அழகாக இல்லை?

மத்தியப் பாடத்திட்டத்திலும் ஒரு மாற்றம். 2024ல் மூன்றாம் வகுப்புக்குக் கலைக்கென்றே 'பான்சுரி' என்ற பாடப் புத்தகமும், உடற்கல்விக்கு 'கேல் யோகா' என்ற புத்தகமும் வெளிவந்தன. பான்சுரி என்றால் புல்லாங்குழல்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போட்டி வேறு, பீரியட் வேறு. போட்டியில் ஏற்கெனவே நன்றாகப் பாடுகிற ஒருவர் மேடை ஏறுவார். மற்ற முப்பத்தொன்பது பேர் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். பீரியட் அப்படி அல்ல. அது நாற்பது பேருக்கும் உரியது. சுமாராகப் பாடுகிறவரும் வாய் திறந்து பாடலாம். கோணலாக வரைகிறவரும் வரையலாம். கடைசியாக ஓடி வருகிறவரும் ஓடலாம்.

எல்லாம் தொடங்கிய ஊர்

இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். படம் வரையவும், விளையாடவும், பாடவும், புத்தகத்தைக் கையாளவும் பாடம் நடத்திச் சொல்லித்தந்ததில் நம் சென்னை முன்னோடி!

அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850ல் இங்கே ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. இருப்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில்!

உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்ய 1920ல் ஹாரி குரோ பக் என்பவர் கல்லூரி தொடங்கினார். நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1949ல் அரசு இசைக் கல்லூரி வந்தது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர்.

நூலகத்துக்கு? சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். இவர் முதலில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கணக்கு வாத்தியார்! மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக் கொண்டிருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகப் படிப்புக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமான் அவர் கண்ணில் பட்டது. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை! புத்தகங்களையும் இப்படிப் பிரித்து அடுக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. புத்தகங்களை வகை பிரிக்க அவர் உருவாக்கிய முறைக்கு அந்தப் பொம்மைதான் பொறி. புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. அவருடைய முயற்சியால் 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் தடவை.

பார்த்தீர்களா? ஒரு கணக்கு வாத்தியார் நூலகத்துக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறார். நாம் நூலக பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்!

அப்புறம் கணக்கு என்ன ஆகும்?

"விளையாடிக்கொண்டே இருந்தால் கணக்கு வருமா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஜப்பான் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 850 பீரியட். எந்தப் பாடத்துக்கு எத்தனை என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. கணக்குக்கு 136. உடற்கல்விக்கு 102. இசைக்கு 68. ஓவியம், கைவேலைக்கு 68. கடைசி மூன்றையும் கூட்டினால் 238! கணக்கை விட 102 பீரியட் அதிகம். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று 1953லேயே சட்டம் போட்ட நாடு அது.

அப்படியானால் அங்குள்ள பிள்ளைகள் கணக்கில் மக்கா? 2022ல் உலகின் பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடந்த 'பிசா' தேர்வில், கணக்கில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த நாடு ஜப்பான்! படம் வரைந்ததால்தான் கணக்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கும். ஆனால் படம் வரைந்ததால் கணக்கு கெட்டுப் போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனமும் 2020ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினமும் 60 நிமிடம் நன்றாக ஓடி ஆட வேண்டுமாம். எலும்பு, இதயம், மனசு மூன்றுக்கும் நல்லது. படிப்புக்கும் நல்லது என்று அதிலேயே இருக்கிறது.

நம் வீட்டு வாசலுக்கே வாருங்கள். பாட்டி போடும் புள்ளிக் கோலத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல வருவது கணக்கு இல்லையா? ஆதி தாளத்தில் நாலு, இரண்டு, இரண்டு என்று எட்டு எண்ணிக்கை போடுவது கணக்கு இல்லையா?

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரியவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கும் கலை, விளையாட்டு ஆசிரியர்கள் வேண்டும். நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவர் வந்தாலும் நல்ல தொடக்கம்தான். அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் நீங்களும் சும்மா இருக்க வேண்டியது இல்லை.

* டைம் டேபிளை ஒரு மாதத்துக்குக் கவனியுங்கள். நடந்த பீரியடுக்கு ஒரு டிக். நடக்காததற்கு ஒரு பெருக்கல் குறி. சண்டை போட அல்ல. உண்மை என்ன என்று தெரிந்துகொள்ள.

* டீச்சர் பீரியடைக் கேட்டால், "சரிங்க மிஸ், இன்னைக்கு எடுத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு பீரியட் திருப்பித் தர்றீங்களா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் அது நிஜமான கடன்!

* அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் 'பள்ளி மேலாண்மைக் குழு' உண்டு. அதில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்தான். உங்கள் அம்மாவிடம், "கூட்டத்துக்குப் போனா டிராயிங் பத்தியும் கேளும்மா" என்று சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம்.

* பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில் நடப்பது உங்கள் நூலகம்!

* ஏழாவது, எட்டாவது படிக்கும் அண்ணன், அக்காக்கள் மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிடம் ஒன்றாம் வகுப்புக்குப் போய் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் குட்டிகள் உங்களை மறக்கவே மாட்டார்கள்.

கூடவே ஒன்று. உங்களுக்குச் சாயந்திரம் கீபோர்டு கிளாஸ் இருக்கலாம். பள்ளியில் பாட்டு பீரியட் போனால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த பீரியடைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு அதை விட்டால் வேறு பாட்டு கிளாஸ் கிடையாது.

என்ன குட்டீஸ், நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் டைம் டேபிளில் முதல் டிக் போட ஆரம்பிக்கிறீர்களா? மறக்காமல் கலர் பென்சில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்!